முதல் சொல்லின் தேதி

ஆணி ஆலையில் எங்கள் பிரிவில் பதினான்கு மிஷின்கள். ஒரு பக்கம் கம்பி உள்ளே போகும். ஓர் அடி விழுந்து தலை நசுங்கும், ஒரு வெட்டு விழுந்து நுனி கூராகும், ஆணி தொட்டியில் விழும். நிமிடத்துக்கு முந்நூறு. பதினான்கும் ஓடும்போது காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் ஒன்றும் ஏறாது. அதனால் கையால் பேசுவோம். விரலைத் தொண்டையில் இழுத்தால் மிஷினை நிறுத்து என்று அர்த்தம். முஷ்டியை மூடித் திறந்தால் கம்பிச் சுருள் தீரப்போகிறது. வயிற்றுக்கு முன்னால் காற்றில் ஒரு பானை வரைந்தால் மேனேஜர் வருகிறார். இது மேனேஜருக்கும் தெரியும். ஒரு நாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் தானே பானை வரைந்து காட்டிவிட்டு மேலே நடந்தார்.

பதினோரு வருடமாக அங்கே இருக்கிறேன். வெளியே வந்த பிறகும் ஒரு மணி நேரம் காதுக்குள் ஆலை ஓடும். வீட்டிலும் கையைக் காட்டித்தான் தண்ணீர் கேட்பேன். கல்யாணமான புதிதில் என் மனைவிக்கு அது சிரிப்பாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. அப்புறம் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

எனக்குக் காலை ஐந்திலிருந்து ஒன்று வரை வேலை. அவளுக்கு, துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்குகிற இடத்தில், இரண்டிலிருந்து இரவு பத்து வரை. நான் ஒன்றரைக்கு வீட்டுக்குள் நுழைவேன். ஒன்றே முக்காலுக்கு அவள் கிளம்புவாள். அந்தக் கால் மணி நேரம்தான் நாங்கள் கணவன் மனைவி. அதில் அவள் பின்னல் போடுவாள், நான் கை கழுவுவேன். பெரியவளுக்கு நோட்டு வாங்க வேண்டும், சின்னவன் சாப்பிட்டான், குழாயில் தண்ணீர் வரவில்லை. அவ்வளவுதான் பேச்சு. காலையில் பிள்ளைகள் அவளிடம். மதியத்துக்கு மேல் என்னிடம். ராத்திரி அவள் வரும்போது நான் தூங்கியிருப்பேன். விடியும் முன் நான் போகும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம், இதே நேரம்தான்.

சொல்ல நேரமில்லாததை எல்லாம் சுவரில் தொங்கும் தினக் காலண்டரில் எழுதி வைப்போம். எனக்கு எழுத்து முப்பத்து மூன்று வயதில் வந்தது. எச்சரிக்கைப் பலகையைப் படிக்கத் தெரியாதவனுக்கு மிஷின் கிடையாது என்று ஆலையில் ஒரு சட்டம் வந்தபோது, சங்கத்தில் வகுப்பு வைத்தார்கள். போனேன். அதனால் சின்னச் சின்னதாகத்தான் எழுதுவேன். பால் தீர்ந்தது. காய்ச்சல் இல்லை. பெரியவள் பல் விழுந்தது.

பெரியவள் வளர்ந்ததை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். அப்போது மனைவி வேலைக்குப் போகவில்லை. பிள்ளை குப்புற விழுந்தது, முட்டி போட்டது, கதவைப் பிடித்து நின்றது, "அத்த" என்று இல்லாத அத்தையைக் கூப்பிட்டது, எல்லாம் கண் முன்னால் நடந்தது. சின்னவன் வளர்ந்தது காலண்டரில். 'குப்புற விழுந்தான்' என்று மனைவி எழுதியிருந்தாள். 'உட்கார்ந்தான், சாயவில்லை' என்றும் அவள்தான். தவழ்ந்தது என் நேரத்தில். நடந்ததும் என் நேரத்தில். சிலிண்டரைப் பிடித்து நின்றவன் அதை விட்டுவிட்டு வாசற்படி வரை வந்தான். 'நாலு அடி நடந்தான்' என்று எழுதினேன்.

மறுநாள் மதியம் அவள் வழக்கம் போலப் பின்னல் போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கியவள் திரும்பி நின்றாள்.

"நாலா, அஞ்சா?"

"நாலு."

"சரி" என்று போய்விட்டாள்.

அந்த "சரி" என்னோடு இரண்டு வாரம் இருந்தது. மிஷின் முன்னால் நின்றபோதும் இருந்தது. அவனுக்கு அப்போது பதின்மூன்று மாதம். ஒரு நாள் குழைத்த சோற்றை ஊட்டிக்கொண்டிருந்தேன். பிடிக்காமல் உதட்டை இறுக்கி மூடி, திறந்து, துப்பினான். உதடு மூடித் திறந்தால் 'ம்மா' என்றுதானே வரும் என்று எனக்குத் தோன்றியது. என் காதில் ஆலைதான் ஓடிக்கொண்டிருந்தது. எதுவும் கேட்கவில்லை. இருந்தும் அன்றைய தாளில், 'அம்மா என்றான்' என்று எழுதினேன்.

மறுநாள் நான் வந்தபோது அந்தத் தாள் காலண்டரில் இல்லை. கிழித்து எடுத்து வைத்திருந்தாள். அன்று ஒன்றே முக்காலுக்குப் பதில் ஒன்று ஐம்பதுக்குக் கிளம்பினாள்.

நான்கு நாள் கழித்து அவள் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. 'அப்பா என்றான். காலை ஏழு மணி.'

நேரம் போட்டிருந்ததால் அதை நான் முழுதாக நம்பினேன். தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், எதிர் மிஷினில் நிற்கிறவனிடம் காட்டினேன். அவனுக்கு ஆலையில் ஒன்பதரை என்று பெயர். சுண்டு விரலில் பாதியை மிஷினுக்குக் கொடுத்தவன். எச்சரிக்கைப் பலகையைத் தவிர அவனுக்கு வேறெதுவும் படிக்க வராது. அதனால் இடுப்பளவு உயரம் காட்டி, வாயைத் தொட்டு, என் நெஞ்சைத் தொட்டேன். புரிந்துகொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினான். சாப்பாட்டு நேரத்தில்தான் வாயால் சொன்னான்.

"இனிமே உன்னைப் பேரு சொல்லியே கூப்பிடுவான் பாரு. என் பையன் என்னை ஒம்பதரைன்னுதான்யா கூப்பிடறான்."

மனைவி அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இரண்டையும் சேர்த்துத் தன் கைப்பையில், பஸ் பாஸ் வைக்கும் அறையில் வைத்தாள்.

பிறகு அவன் என்னிடம் அப்பா என்று சொல்லவே இல்லை. ஒருவேளை காலையில் மட்டும் சொல்கிறான் போல என்று நினைத்தேன். சின்னதாக வலித்தது. அம்மாவிடம் வாய் திறக்கிறவன் என்னிடம் கையைக் காட்டுகிறான். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டை விரலை வாயில் வைப்பான், நான் வைப்பதைப் போலவே. போதும் என்றால் தொண்டையில் விரலை இழுப்பான். ஒன்பதரை வீட்டுக்கு வந்திருந்தபோது அதைப் பார்த்துவிட்டு, ஆலைக்கு ஆள் ரெடி என்றான். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

கூப்பிட்டால் வர மாட்டான். பிடிவாதம் என்று வைத்துக்கொண்டோம். அவள் வீட்டுப் பிடிவாதம் என்று நான் சொன்னேன், என் வீட்டுப் பிடிவாதம் என்று அவள் சொன்னாள். கதவை அடைத்தால் திரும்புவான். லாரி போனால் ஜன்னல் பக்கம் ஓடுவான். தரை அதிர்ந்து திரும்புகிறான் என்று யாருக்குத் தெரியும். போதாததற்குப் பெரியவள் ஒரு நொடி கூட விடமாட்டாள். அவனுக்குப் பசிக்குது, அவனுக்கு அந்தச் சட்டை வேணாம், அவன் உன்மேல கோவமா இருக்கான், என்று அவன் பங்கையும் அவளே பேசிவிடுவாள். அவளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்திருந்தோம். ஆண் பிள்ளைக்கு வாய் திறக்க நேரமாகும் என்று மாடியில் இருந்த அக்கா சொன்னாள். நாங்களும் ஆமாம் என்றோம்.

மனைவியிடம் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம், காலையில் அவன் என்னென்ன பேசுகிறான் என்று. கேட்கவில்லை. நான் கேட்டால் அவளும் கேட்பாள். அன்றைக்கு எப்படிச் சொன்னான், எந்தக் குரலில் சொன்னான் என்று அவள் கேட்டால் நான் என்ன சொல்வேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஒன்றரை வருடத்துக்கு மேல் அப்படியே போயிற்று.

இரண்டே முக்கால் வயதில் சின்னவனைப் பாலர் பள்ளியில் சேர்த்தோம். காலையில் அவள் கொண்டுபோய் விடுவாள், இரண்டு மணிக்கு நான் போய்க் கூட்டி வருவேன். ஆறாவது நாள் டீச்சர் என்னை நிறுத்தினார். இவன் இங்கே ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை, வீட்டில் எப்படி என்று கேட்டார்.

வீட்டில் பேசுவான் என்றேன்.

"யாருகிட்ட?"

"அவங்க அம்மாகிட்ட."

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார். "காலைல அவங்ககிட்டயும் கேட்டேங்க. உங்ககிட்டதான் பேசுவான்னு சொன்னாங்க."

பக்கத்தில் பிள்ளைகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னவனுக்கு இடது செருப்பு வலது காலில் இருந்தது. குனிந்து அதை மாற்றிப் போட்டேன். டீச்சர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். காது பார்க்கும் பிரிவு என்று மேலே எழுதி, அதை எனக்குப் படித்தும் காட்டினார். எனக்குப் படிக்கத் தெரியும் என்று சொல்லவில்லை.

மறுநாள் அந்தக் கால் மணி நேரத்தில் கடிதத்தைக் கொடுத்தேன். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"உங்ககிட்ட பேசறான்ல?" என்றாள்.

"பேசறான். உன்கிட்ட?"

"ம். பேசறான்."

இரண்டு பேரும் அதோடு நிறுத்திக்கொண்டோம். வியாழக்கிழமை லீவு போடுவது என்று முடிவானது. நாங்கள் ஒரே நாளில் லீவு போட்டது அவன் பிறந்த பிறகு அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தலை நின்றது எந்த மாதம், குப்புற விழுந்தது எந்த மாதம், உட்கார்ந்தது, தவழ்ந்தது, நடந்தது, முதல் சொல். நான் மெதுவாகப் படித்துச் சொல்லச் சொல்ல, அவள் எழுதினாள். கடைசி வரிக்கு வந்ததும் கைப்பையைத் திறந்து இரண்டு தாளையும் எடுத்தாள். மடிப்பில் மை அழிந்திருந்தது. தேதி தெரிந்தது. பதின்மூன்று மாதம், இரண்டு சொற்கள், என்று எழுதினாள்.

டாக்டரம்மாவுக்கு முன்னால் ஒரு ரயில் பெட்டி அளவு கூட்டம். எங்கள் முறை வந்தபோது அவர் சின்னவனின் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். வலிக்குதா என்று அவனைக் கேட்டார். "வலிக்கல, ஆனா அவனுக்கு இது பிடிக்கல" என்று வக்கீல் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்காமல் படிவத்தைப் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். இந்தச் சொற்களை நீங்களே கேட்டீர்களா என்று கேட்டார். மனைவி தாளைக் காட்டினாள். நான் தலையை ஆட்டினேன்.

அப்படியென்றால் பயப்பட வேண்டாம் என்றார். பேசிய பிள்ளைதான், காது கேட்டிருக்கிறது, நடுவில் சளி பிடித்து உள்ளே நீர் கோத்திருக்கலாம். சொட்டு மருந்து தருகிறேன், மூன்று மாதம் கழித்து வாருங்கள், அப்போதும் பேசவில்லை என்றால் மிஷின் சோதனைக்குப் பெயர் எழுதலாம். அந்தச் சோதனைக்கு ஐந்து மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும். பேசவே பேசாத பிள்ளைகளை மட்டும் உடனே அனுப்புகிறோம், அவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் முக்கியம், மூளை பேச்சைப் பிடிக்கிற வயசு இது என்றார்.

மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வந்து வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் பதினேழு பேர். சின்னவன் அவள் இடுப்பில் இருந்தான். பெரியவள் தரையில் கட்டம் விட்டுக் கட்டம் தாண்டிக்கொண்டிருந்தாள். மூன்றும் ஐந்தும் எட்டு மாதம் என்று கணக்குப் போட்டேன். வரிசை நகர்ந்தது. பதினாறு, பதினைந்து. எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. கம்பி தீர்ந்த மிஷின் வெறுமனே அடித்துக்கொண்டிருக்கும் பாருங்கள், அப்படித்தான் இருந்தது.

பன்னிரண்டாவது ஆளாக நிற்கும்போது சொன்னேன்.

"அன்னைக்கு நான் எழுதினது பொய்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. முன்னால் நின்றவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உதடு கூட அசையலையா?" என்றாள்.

"அசைஞ்சுது. சோத்தைத் துப்பினான்."

வரிசை இன்னும் ஓர் ஆள் நகர்ந்தது. நாங்கள் நகரவில்லை. பின்னால் இருந்தவர், போறீங்களா இல்லையா என்றார். அவள் சின்னவனை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள்.

"ஏழு மணின்னு போட்டிருந்தேன்ல," என்றாள். "ஏழு மணிக்கு அவன் தூங்கிட்டிருந்தான். நீங்க எனக்கு ஒண்ணு எழுதினீங்க, உங்களுக்கு ஒண்ணுமே இல்லையேன்னு..."

இரண்டு பேரும் வரிசையை விட்டு விலகினோம். பெரியவள் ஓடி வந்து, மருந்து வாங்கலையா என்றாள்.

டாக்டரம்மாவின் அறைக்குள் மறுபடி நுழையும்போது வெளியே இருந்தவர்கள் சும்மா விடவில்லை. நாங்கல்லாம் காத்து வாங்கவா உக்காந்திருக்கோம் என்று ஒரு பெரியம்மா கேட்டார். உள்ளே வேறொரு பிள்ளை மேஜையில் உட்கார்ந்திருந்தது. அதன் அம்மா, அப்பா, நர்ஸ் எல்லோருக்கும் முன்னால் நின்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. மனைவிதான் சொன்னாள். அவன் பேசினதில்லை, இவர் எழுதினதும் பொய், நான் எழுதினதும் பொய், ஒருத்தருக்கொருத்தர் சந்தோஷத்துக்காக எழுதினது. நான் பக்கத்தில் நின்றேன்.

டாக்டரம்மா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. படிவத்தைத் தேடி எடுத்து, கடைசி வரியில் ஒரு கோடு இழுத்தார்.

"ஒரு சத்தம் கூட இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்தத் தடவை பாத்ததை மட்டும் சொல்லுங்க."

"அழுவான்," என்றேன். "சிரிப்பான். வேற தெரியாதுங்க."

அவர் வேறொரு சீட்டு எழுதினார். திங்கட்கிழமை என்று போட்டிருந்தது.

திங்கட்கிழமை அவனுக்குத் தூக்க மருந்து கொடுத்து, சுவரெல்லாம் பஞ்சு வைத்த ஓர் அறையில் படுக்க வைத்தார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டினார்கள். சத்தம் போட்டால் மூளைக்குப் போகிறதா என்று பெட்டியில் கோடு காட்டுமாம். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் ஒரு திருகை நகர்த்தினாள், எழுதினாள், நகர்த்தினாள், எழுதினாள். கடைசியில் திருகு அதற்கு மேல் போகாத இடத்துக்கு வந்துவிட்டது.

இரண்டு காதும் பிறவியிலேயே கேட்கவில்லை என்கிற அளவுதான் என்றார்கள். மிகப் பெரிய சத்தம் மட்டும் கொஞ்சம் எட்டும். காதில் மிஷின் வைத்துப் பார்க்கலாம், வயது கொஞ்சம் ஏறிவிட்டது, எவ்வளவு பிடிப்பான் என்று இப்போது சொல்ல முடியாது. பிடிக்கவில்லை என்றால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம். இன்னும் ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள். என் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, இப்பவாவது வந்தீங்களே என்று முடித்தாள்.

பஸ்ஸில் அவன் மருந்து மயக்கத்தில் தூங்கினான். பெரியவளிடம் தம்பிக்குக் காது கேட்கவில்லை என்று சொன்னேன்.

"தெரியும்," என்றாள்.

மனைவி திரும்பினாள். "தெரியுமா?"

"தொட்டுக் கூப்பிட்டாத்தான் பாப்பான். சின்னப் பசங்களுக்கெல்லாம் அப்படித்தானேன்னு நெனச்சேன்." பிறகு, தான் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா என்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இல்லை என்று மனைவி அவள் தலையைத் தடவினாள். வக்கீல் வீடு வரும் வரை பேசவில்லை.

ஒரு மாதம் கழித்து மிஷின் வந்தது. காதுக்குப் பின்னால் மாட்டும் அவரைக்கொட்டை அளவில் இரண்டு. முதல் பத்து நாள் பிடுங்கி எறிந்தான். ஒன்றை வாளித் தண்ணீருக்குள் போடப் போனபோது பெரியவள் பாய்ந்து பிடித்தாள். இரண்டாவது வாரம் சலித்துப்போய்ப் பிடுங்குவதை விட்டுவிட்டான். பயிற்சி கொடுக்கும் அம்மா வாரம் ஒரு நாள் வரச் சொன்னார். அவன் முகத்துக்கு நேராகப் பேசுங்கள், கையும் காட்டுங்கள், ஆனால் வாய் அசையாமல் கையை மட்டும் காட்டாதீர்கள் என்றார். பெரியவளைப் பார்த்து, அவனுக்காக நீ பதில் சொல்லக் கூடாது கண்ணு என்றார். அன்று முழுவதும் அவள் அழுதாள். அவன் எதையாவது கேட்டு நிற்கும்போது அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

வேலை அப்படியேதான் இருக்கிறது. ஐந்திலிருந்து ஒன்று. இரண்டிலிருந்து பத்து. மனைவிக்குக் காலை வேலை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று நாலு மணி இருக்கும். அவன் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு மூடியை உருட்டிக்கொண்டிருந்தான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு தட்டு கை நழுவி விழுந்தது. உருட்டிக்கொண்டிருந்த கை நின்றது. அப்புறம் மறுபடி உருட்டினான். தரை அதிர்ந்திருக்கும் என்று நினைத்தேன். பெரியவள் பாயில் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தட்டைத் தூக்கி, நெஞ்சு உயரத்தில் காற்றில் பிடித்துக்கொண்டு, கரண்டியால் தட்டினேன். கொஞ்சம் விட்டு மறுபடி தட்டினேன்.

இன்று பள்ளிக்கூடம் லீவு. மதியம் மனைவி பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அஞ்சு தடவை தட்டினேன். ஒரு தடவை கை நின்னுச்சு. நாலு தடவை நிக்கல."

"தரையில வச்சுத் தட்டினீங்களா, தூக்கிப் பிடிச்சா?"

"தூக்கிப் பிடிச்சு."

"திரும்பினானா?"

"திரும்பல. கை மட்டும்தான் நின்னுச்சு. அதுவும் தானா நின்னுச்சோ என்னமோ. எனக்குத் தெரியல."

பின்னலின் நுனியில் ரப்பரைச் சுற்றினாள். பெரியவளைப் பார்த்தாள். பெரியவள், ஆமாம், ஒரு தடவைதான் என்றாள். ஒன்று நாற்பத்தெட்டு ஆகியிருந்தது.

"அப்போ ஒண்ணு," என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.